அறுகோணம் 4417

வரைபடத்தில் மாகாணம் ஒரு தேன்கூடு.
ஓர் அறை இருபத்தைந்து சதுரக் கிலோமீட்டர்.
அதற்குள் ஒரே ஒரு வீட்டுக்கு
இணையம் எட்டினாலும் அறை முழுக்க நீலம்.
எட்டாவிட்டால் சாம்பல்.
சாம்பலுக்குத்தான் பணம்.
விதி என்னுடையதல்ல.
நிறம் அடிப்பது மட்டும் நான்,
ரெஜைனாவில், நான்காம் மாடியில்.

4417 இரண்டு வருடமாக நீலம்.
அங்கிருந்து மட்டும் பதினொரு கடிதங்கள்,
கையால் எழுதி, முத்திரை ஒட்டி.
"உங்கள் நீலத்தில் கொஞ்சம்
இங்கே அனுப்பிவையுங்கள்" என்றது ஒன்று.
கையெழுத்து: மார்லீன் புவாத்ரா, வெல்டிங் கடை.

போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் மேலாளர்.
கிராமப் பொருளாதார வளர்ச்சி, இரண்டாம் கட்டம்,
மார்ச் முப்பத்தொன்றுக்குள் கோப்பை மூடவேண்டுமாம்.

நாலு மணி நேர ஓட்டம்.
உறைந்த குட்டை, தானியக் கோபுரம்,
மறுபடி தானியக் கோபுரம்.
கடைசி நாற்பது நிமிடம்
கைபேசி வெறும் கடிகாரம்.

மண்டபத்தில் பத்தொன்பது பேர், ஒரு கோப்பிக் கெண்டி.
"அனைவருக்கும் அதிவேகம்" என்ற ஸ்லைடில்
யாரோ இருமினார்கள்.
சிரிப்பாகவும் இருந்திருக்கலாம்.
டுவெய்ன் எழுந்தான்:
"கன்றுகள் ஏலத்துக்கு வந்தபோது
என் திரையில் சக்கரம் சுற்றியது.
சுற்றி முடிந்தபோது
கன்றுகள் அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டன."
முதியோர் இல்லத்துத் தாதி ரொவீனா சொன்னாள்:
"மகனைப் பார்க்க ஒவ்வொரு மாலையும்
கார் எடுத்துக்கொண்டு போகிறேன்."
எங்கே என்றேன்.
பதில் இல்லை.
சரி, இணையம் உள்ள அந்த ஒரு வீடு யாருடையது?
பத்தொன்பது பேரும்
கோப்பைக்குள் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும்
மார்லீன் தன் டிரக்கில் ஏறச் சொன்னாள்.

ஒரெஸ்ட் ஹ்னாட்டியுக்கின் வீடு.
ஜன்னல் வரை பனி.
புகைபோக்கியில் புகை இல்லை.
போன வருடம், பார்லி அறுவடையின் நடுவில்
இறந்துபோனார் ஒரெஸ்ட்.
பின்னால் யாரும் இல்லை.
வங்கிக்கும் யாரும் சொல்லவில்லை.
மாதம் நூற்று நாற்பது டொலர்,
மின்கட்டணம் தனி,
ஒரு நாள் பிந்தாமல் கட்டுகிறார்.
கூரையில் அந்தத் தட்டில் மட்டும் பனி நிற்கவில்லை,
அது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளுமாம்.
களஞ்சியக் கதவில் சோக்கட்டியால் கடவுச்சொல்,
அவருடைய நாயின் பெயர்.

பதினொரு கடிதங்களிலும்
ஒரெஸ்ட் இல்லை.

முற்றத்தில் ஐந்து கார்கள், எஞ்சின் ஓடியபடி.
ஒன்றில் ரொவீனா,
முகத்தில் இலோய்லோவின் காலை வெளிச்சம்.
ஒன்றில் டுவெய்ன், என்னைக் கண்டு
தொப்பியை இறக்கிக்கொண்டான்.
ஒன்றில் ஒரு பையன்,
ஸ்டியரிங்கில் சாய்த்த அல்ஜீப்ரா.

"கணக்கை நிறுத்தினால் சாம்பல்," என்றாள் மார்லீன்.
"சாம்பலானால் பணம்.
பணம் கம்பியாக எத்தனை நாள்?"
ஏட்டுச் சுரைக்காயை
வடிவாக வரையத் தெரிந்தவள் நான்.
விண்ணப்பம், ஒப்பந்தப்புள்ளி, மறு ஒப்பந்தப்புள்ளி,
பிறகு நிலம் உருகவேண்டும்.
"மூன்று குளிர்காலம்," என்றேன்.
"நாலு," என்று திருத்தினாள்.
"அதுவரை?"

அறிக்கை அன்றிரவே போகவேண்டும்.
ஆறாவது காராக நின்று
நாயின் பெயரைத் தட்டினேன்.
கோடுகள் நிறைந்தன.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
வசிக்கிறார். வசிக்கவில்லை.
தொடர்புகொள்ள முடியவில்லை.
இந்த வட்டாரத்தில்
தொடர்பு உள்ள ஒரே மனிதர்.
விரலை எடுத்துவிட்டு
முதலில் படங்களை ஏற்றினேன்,
இருபத்திரண்டு.

கண்ணாடியில் தட்டு.
அல்ஜீப்ராப் பையன், மூக்கு சிவந்து:
"அக்கா, பெரிசா ஏதும் அனுப்புறீங்களா?
எனக்கு நின்று நின்று வருது.
ஒன்பது மணிக்குப் பரீட்சை பூட்டிடும்."
எந்த மொழியில் கேட்டானோ,
எனக்கு இப்படித்தான் கேட்டது.

ஏழாவது படத்தில் நிறுத்தினேன்.
நீ முதலில் முடி என்றேன்.
ஹீட்டரைக் கூட்டிவைத்துக்கொண்டு
ஒன்பது மணி வரை இருந்தேன்.