கெட்டில் முனகும் வரை

புந்தா அரேனாஸில் காற்று
தகரக் கூரையைப் பிடித்து உலுக்கும் விடியல்.
நண்டுத் தொழிற்சாலை வண்டி வருமுன்
ரொசௌரா மாத்தேக்குத் தண்ணீர் வைக்கிறாள்.
மடியில் கிதார்.

தண்ணீர் முனகும் வரைதான் பயிற்சி.
பாட்டு முழுக்க இல்லை,
தடுக்கும் ஒரே இடம்:
தோவிலிருந்து ஃபாவுக்குத் தாவும்போது
ஆள்காட்டி விரலுக்கடியில்
ஒரு கம்பி மட்டும் செத்துப்போகும்.

மெட்ரோனோமை நாற்பதுக்கு இறக்கினாள்.
நாற்பதிலும் செத்தது.
முப்பது.
நத்தையும் சலித்துக்கொள்ளும் அந்த வேகத்தில்
விரல் வழி கேட்காமல்
போய்ச் சேர்ந்தது.

போன குளிர்காலம் இப்படியில்லை.
ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம், பல்லைக் கடித்தபடி.
அப்புறம் பதினோரு நாள்
கிதாரின் கழுத்தில் ஈரத்துண்டு காய்ந்தது.

கெட்டில் முனகுகிறது.
கொதித்தால் மாத்தே கெடும்; இறக்குகிறாள்.
மெட்ரோனோமின் வாயையும் அடைக்கிறாள்.

இலை ஊறும் நேரம் எந்தக் கணக்கிலும் சேராது.
தெரிந்த இரண்டே கார்டில்
தாளம் எங்கோ போக, தான் எங்கோ போக,
பக்கத்து வீட்டு நாய் ரோங்கோவைத்
திட்டி ஒரு பாட்டு.
நண்டு முள் கிழித்த விரலின் பிளாஸ்டர்
கம்பியில் சிக்கி 'டப்' என்கிறது.
இன்னொரு முறை சிக்க வைக்கிறாள், வேண்டுமென்றே.

வாசலில் ஹார்ன்.
உறைக்குள் வைக்கவில்லை.
தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே
கிதாரை உட்கார வைத்துவிட்டு
ஓடுகிறாள்.