இரண்டு கட்டத்தில் ஒரு வீடு

மணலைக்கூட இறக்குமதி செய்யும் ஊரில்
போன மாதம் நான்
ஒரு மலையை இறக்கினேன்.
நான்கு ஜிபி.
புவன விஸ்தாவில், ஒன்பதாம் மாடியில்,
மதிய மழை கண்ணாடியை அறைந்துகொண்டிருக்க
ஐந்து மீட்டருக்கு ஒரு கட்டமாய் அறுத்துக்
கணினிக்குள் நிறுத்திவைத்தேன்.

பனியைத் தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது.
ஃபேர்பிரைஸில் உறைந்த இறால் பொட்டலத்தின் ஓரத்தை
நகத்தால் சுரண்டியிருக்கிறேன்.
ஏறிய மலை புக்கிட் தீமா,
நூற்று அறுபத்து மூன்று மீட்டர் சொச்சம்,
அதிலும் பாதி தார்ச்சாலை.

எந்த இடத்தில் பிடி விட வேண்டும் என்று
நான் சொல்கிறேன்.
விட்டபின் எங்கே போவேன் என்று
அது சொல்கிறது.
உராய்வு எண் கால் என்றால்
ஓடைக்கு மேலேயே களைத்து உட்கார்ந்துவிடும்.
பூஜ்யம் புள்ளி இரண்டு என்றால் ஓடையைத் தாண்டும்.
இன்னும் ஒரு துளி குறைத்துவிட்டு
எட்டு நிமிடம் காத்திருந்தால்
ஒரு பார்லி வயல் இருக்காது.

சத்தமே வராது, அதுதான்.

நேற்றிரவு மட்டும் முந்நூறு முறை இறங்கியிருக்கிறது.
நான் கிளமெண்டியில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

முந்நூறையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
எல்லைக்கோடு வரைந்தேன்.
சிவப்பு: இருக்கக் கூடாது.
மஞ்சள்: பார்த்து இருக்கலாம்.
கோடு ஒரு வீட்டின் மேல் போனது.
இரண்டே கட்டம் அந்த வீடு.
ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

வெள்ளிக்கிழமை காணொளியில் ஸ்டான்ஸின் வந்தார்.
அந்தப் பள்ளத்தாக்கின் சாலைப் பொறியாளர்.
பேசப் பேச வாயிலிருந்து புகை.
ஏசிக் குளிருக்காக நாற்காலியிலேயே கிடக்கும்
ஜாக்கெட்டுக்குள் நான்.
“மஞ்சள் பக்கம் படுக்கையறை” என்றேன்,
கொஞ்சம் பெருமையாகக்கூட.
“சிவப்பில் விழுவது சமையலறை மட்டும்தானே?”

மைக்கை மூடி வைத்திருந்தவர் திறந்தார்.
“மேடம், நவம்பரிலிருந்து மார்ச் வரை
அடுப்பு இருக்கும் இடத்தில்தான்
எல்லோரும் படுப்பார்கள்.
மஞ்சள் அறையில்
உருளைக்கிழங்கு இருக்கும்.”

அடர்த்திக்கு எண் கொடுத்திருந்தேன்,
பாறைக்கு, புதருக்கு, காய்ந்த ஓடைக்கு.
அடுப்புக்குக் கொடுக்கவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியபோது
பன்னிரண்டு தாண்டியிருந்தது.
புழுக்கம். காற்றே இல்லை.
பிள்ளைகளின் அறையில் யாரும் இல்லை.
ஏசி உள்ள ஒரே அறையில்
தலையணைகளோடு தரையில் சின்னவள்,
அவள் காலடியில் கவின்,
கட்டில் விளிம்பில் ஒரு கையைத் தொங்கவிட்டு அவர்.
நடுவில் எனக்கென்று விட்டிருந்த இடம்
ஒரு கட்டத்தில் கால்வாசிகூட இருக்காது.
கதவருகே
வெகுநேரம் நின்றேன்.

திங்களன்று கட்டத்தை ஒரு மீட்டராக்கினேன்.
ஓட்டம் இன்னும் முடியவில்லை.
அடுப்பு எந்த மூலையில் என்று கேட்டு
எழுதியிருக்கிறேன்.
விசிறிகள் இரைகின்றன.