இரண்டு கைபிடிகள்

வெள்ளவத்தையில் கடலுக்கும் எனக்கும் நடுவே
ஒரு தண்டவாளம், ஒரு வரிசைக் கட்டடம்.
உப்புக்கு அதெல்லாம் ஒரு தூரமா?
முதலில் பித்தளைப் பூட்டைத் தேடி வரும்,
பிறகு தையலை.
ஒக்டோபர் மழை பிடித்துக்கொண்டால்
அலுமாரிக்குள் துணி சுற்றிவைத்த கன்றுத்தோலில்
சாம்பல் நிறத்தில் மயிர் முளைக்கும்.

முன்பு நான் பல் கட்டியவன்.
இருபத்தாறு வருடம் பிறர் வாய்க்கு ஈறு வார்த்தேன்.
அந்தக் கொக்கி ஊசிகளால்தான் இப்போது
தையல் துளைகளில் பூஞ்சணம் கிண்டுகிறேன்.
பழைய பைகளும் வாயைத் திறந்தபடிதான் வருகின்றன.
நோகுதா என்று கேட்கத் தேவையில்லை,
அவ்வளவுதான் வித்தியாசம்.

நளாயினி கொண்டுவந்தது பிரெஞ்சுப் பை.
எழுபத்தொன்பதில் அவளுடைய அம்மா,
கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டச்சாளர்,
மூன்று வருடப் போனசைக் கட்டிவைத்து
மார்செய் போன மாலுமி ஒருவனிடம் கொடுத்து
வாங்குவித்தாராம்.
உள்ளே கைவிட்டேன்.
உள்துணி உருகிப் பலாப்பிசினாய் விரலைப் பிடித்தது.
சித்தாலேப மணம்.
உறை கிழியாத இரண்டு பனடோல்.
மடித்து மடித்துப் பல்குத்தியளவாய்
ஒரு நூறாம் இலக்க பஸ் டிக்கட்.

இந்தப் பையோடு பஸ்ஸில் நின்றிருக்கிறார்!
எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப்போயிற்று.

கைபிடி இரண்டும் கறுப்பு.
சாயமிடாத தோல் அது,
தொட்டவரையெல்லாம் குடித்துவைக்கும்.
"இந்தக் கறுப்பை எடுத்துவிடுங்கோ.
மகளின்ர கலியாணத்துக்குக் கொண்டுபோக வேணும்."
எடுக்கலாம் என்றேன். விலையும் சொன்னேன்.

அன்றிரவே தெரியாத இலக்கத்தில் ஒரு அழைப்பு:
தங்கை சுகிர்தா, தெஹிவளையிலிருந்து.
"கைபிடியைத் தொட்டுப்போடாதேங்கோ.
அது ஊத்தையில்ல. அம்மான்ர கை."

பூட்டுக்கு எலுமிச்சையும் சுண்ணாம்புத் தூளும்.
உள்துணியை உரித்தெறிந்து
புதிதாய் ஆட்டுத்தோல் தைத்தேன்.
மூலைத் தேய்வுக்குத் தேன்மெழுகு,
அறுந்த இடத்தில் பழைய துளைகளிலேயே லினன் நூல்.
பை முடிந்தது. கைபிடி முடியவில்லை.
பகலில் அக்கா எடுத்தாள். இரவில் தங்கை எடுத்தாள்.
இருவரும் மற்றவளைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முன்புறக் கைபிடியை மட்டும் எடுத்தேன்.
மூன்று இரவு: ஈரத்துணி, சேணச் சவர்க்காரம்,
பஞ்சு நுனியில் துளி அமிலம், மறுபடி ஈரத்துணி.
வாளித் தண்ணீர் தேயிலைச் சாயமாய் இறங்கியது.
அதை ஊற்றுவதற்கு முன்
வோஷ்பேசின் அருகே சற்று நின்றேன்,
ஏனென்று தெரியாமல்.
பின்புறக் கைபிடியில் தூசி மட்டும் தட்டினேன்.

இருவரையும் ஒரே சனிக்கிழமை, ஒரே நேரத்துக்கு வரச்சொன்னேன்.
அது என் பிழை.
தேன் நிறத்தில் ஒன்று, தார் நிறத்தில் ஒன்று.
"இதென்ன கோமாளித்தனம்" என்றாள் நளாயினி.
சுகிர்தா பாதித் தாயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
கூலி யார் தருவதென்று தொடங்கிய கதை
காணிக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் போய்,
கடைசிக் கிழமை யார் யார் வந்தார்கள் என்பதில் நின்றது.
கரையோர ரயில் ஒன்று கடந்தது.
அந்த இரைச்சல் முடியும்போது
படியில் இரண்டு செருப்புச் சத்தம்,
ஒன்று முன்னே, ஒன்று வெகு பின்னே.

எட்டு மாதமாகிறது.
கலியாணமும் முடிந்திருக்கும்.
பை மேல்தட்டில் இருக்கிறது, நியூஸ்பேப்பர் அடைத்து,
நான்கு சிலிக்கா பொட்டலத்தோடு.
போயா தினங்களில் வேலையில்லை.
இறக்கிப் பூஞ்சணம் பார்த்து,
சற்று வெயில் காட்டாமல் காற்றுக் காட்டி,
திரும்ப வைக்கிறேன்.

நேற்றுத்தான் கவனித்தேன்.
தேன் நிறக் கைபிடியில், நடுவே,
நான்கு விரல் அகலத்துக்கு
ஒரு நிழல் விழத் தொடங்கியிருக்கிறது.
துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.
என் கை.