ஒளிமேசை

மீன் துண்டை விளக்கின்மேல் விரித்தால்
உள்ளே சுருண்டிருக்கும் புழு தெரியும்.
கத்தி நுனியால் நெம்பி எடுக்கவேண்டும்.
ஐஸ்லாந்துக்கு வந்து
இந்த ஊர்ப் பாஷையில் நான் முதலில் கற்றவை:
கத்தி, புழு, பெல்ட், இடைவேளை.
பிறகு, சம்பளச் சீட்டு.

ஸ்டெய்ன்வோர் எனக்கு வலப்பக்கம் நிற்பவள்.
ஆறு வருடமாக அவள் முழங்கையைத் தெரியும்.
இருவர் காதிலும் மஞ்சள் மூடிகள்.
இரைச்சலில் யாரிடம் என்ன பேச?

மார்ச்சில் ஒருநாள் எங்கோ சங்கிலி அறுந்து
ஆலை முழுக்க ஊமையாயிற்று.
தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.
அவள் மூடியைக் கழற்றினாள்.
விளக்கில் கிடந்த மீனைப் பார்த்தபடியே
ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்.
அதில் வலைக்கிடங்கு புரிந்தது.
பதினொன்று என்ற எண் புரிந்தது.
ஹால்வார்துர் என்ற பெயர் புரிந்தது:
தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர்,
கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கெல்லாம்
புகையில் வாட்டிய ஆட்டிறைச்சி அனுப்புகிறவர்.
நடுவில் இருந்த வினைச்சொல்தான் புரியவில்லை.

"அந்தச் சொல் தெரியாது.
மறுபடி சொல், மெதுவாக" என்றேன்.

இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.
பல்வலிக்காரியிடம்
கல்லைக் கடி என்று நீட்டியதுபோல.

மெதுவாகச் சொன்னாள்.
உதட்டைப் பிதுக்கினேன்.
அசை அசையாகப் பிரித்துச் சொன்னாள்.
பிறகு கையுறை விரலால்
எஃகு மேசையின் ஈரத்தில் எழுதினாள்.
கடைசி எழுத்தை அவள் முடிப்பதற்குள்
முதல் எழுத்தைத் தண்ணீர் மூடிவிட்டது.
ஆனால் நான் படித்துவிட்டேன்.

என் பாஷையில் அந்தச் சொல்
எனக்கு நன்றாகத் தெரியும்.
வாய்விட்டு ஒருமுறையும் சொன்னதில்லை.
அது வேறு கதை.

பெல்ட் ஓடத் தொடங்கியது. மூடிகளை மாட்டிக்கொண்டோம்.
மாலைவரை அவள் முழங்கை
என் முழங்கையிலேயே இருந்தது.
இருவரும் அன்றைய கிலோ கணக்கில் பின்தங்கினோம்.

ஒரு வாரம் கழித்து என் காரில் போனோம்.
மலைக்குள் குடைந்த ஒற்றைத்தடச் சுரங்கம்.
எதிரில் வெளிச்சம் வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டும்.
ஒதுங்கி நின்றபோதெல்லாம்
திரும்பிவிடலாமா என்றாள். மூன்று முறை.
நான்காவது முறை அவளே சிரித்தாள்:
"உனக்குப் புரியாது என்றுதான் உன்னிடம் சொன்னேன்."
அம்மாவிடம் அப்போதே சொன்னாளாம்.
கை கழுவிக்கொண்டு சாப்பிட வா என்றாளாம் அம்மா.

காவல் நிலையத்தில் சின்ன வயதுப் பெண் அதிகாரி.
எந்த மாதம் என்று கேட்டாள்.
ஸ்டெய்ன்வோருக்கு மாதம் தெரியவில்லை.
வலைகளில் அந்த வருடத் தாரின் வாசம் இருந்தது,
ஜன்னலில் பாதிவரை பனி,
வெளியே அவருடைய நாய் கதவைப் பிறாண்டியது,
அதன் பெயர்கூடத் தெரியும் என்றாள்.
அதிகாரி நாயின் பெயரை எழுதிக்கொண்டாள்.

பிறகு என்னிடம் திரும்பி:
"நீங்கள் யார்? உறவா?"
பெயரைச் சொன்னேன், போகுமிலா என்று.
எழுத்துக்கூட்டச் சொன்னாள், கூட்டினேன்.
உறவுக்கு என்ன சொல்வது?
"இடப்பக்கம் நிற்பவள்" என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

ஞாயிறுகளில் அவர் இன்னும் பாடுகிறார்.
வழக்கு நகர்கிறதா என்று தெரியவில்லை.
கடையில் சிலர் எங்களைப் பார்த்ததும்
பால் பாக்கெட்டின் தேதியை நெடுநேரம் படிக்கிறார்கள்.
மேஸ்திரி அவளை வேறு மேசைக்கு மாற்றப் பார்த்தார்.
நானும் கத்தியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.
பேசாமல் இருவரையும் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார்.

நேற்று இடைவேளையில்
பேக்கிங் பகுதியிலிருந்து தோர்கெர்துர் வந்தாள்.
ஐம்பது தாண்டியவள், எங்களோடு பேசியதே இல்லை.
காபி வாங்கவில்லை, உட்காரவில்லை.
காது மூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு
"ஒன்பது" என்றாள்.
அவ்வளவுதான். எண் மட்டும்.

எனக்குப் புரிந்தது.
ஆனாலும் ஸ்டெய்ன்வோர்
பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து,
"மறுபடி சொல்" என்றாள்,
"மெதுவாக."