இற்றுப்போகிற நூல்

போன ஐப்பசியில் வாடைக்கு விட்டுக்கொடுத்த நண்டு வலை
இந்த ஆடியில் கிடைத்தது.

கிணற்றில் வாளி விழுந்தால் போடுகிற பாதாளக்கரண்டியை
ஆள் உயரத்துக்கு அடித்துத் தரச்சொல்லித்
திருவான்மியூர்ப் பட்டறையில் எண்ணூறு கொடுத்திருந்தான் எத்திராஜ்.
"கடலைத் தூர் வாரப் போறியா மச்சான்"
என்று குப்பமே சிரித்தது.
பாதிப் பணம் என்னுடையது.
நானும் சிரித்தேன்.

வேளாங்கண்ணிக் கோயிலுக்குப் பின்னால்
தண்ணீர்த்தொட்டி மறைகிற இடம்.
எட்டுப் பாகம்.
மூன்றாம் இழுப்பில் கனத்தது.
பாறை என்றேன்.
பாறை பின்னால் வராது என்றான்.

முதலில் பாசி. அப்புறம் ஓடுகள்,
உள்ளே ஆளில்லாத ஓடுகள், கைப்பிடி கைப்பிடியாக.
அவற்றைத் தின்ன வந்து மாட்டியது ஒன்று,
அதைத் தின்ன வந்தது இன்னொன்று.
கடைசியாக வந்தவள் சினையோடு, உயிரோடு,
என் கட்டைவிரலைக் கவ்வினாள். நியாயம்தான்.

யாருடைய வலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
மிதவைக்கு வெட்டின நீலச் செருப்பு
என் மகள் தேன்மொழி ஏழாவது படிக்கையில் போட்டது.
பெருவிரல் பள்ளம் அப்படியே இருந்தது.

ஒன்பது மாதம் எங்களுக்காக உழைத்திருக்கிறது.
கூலி கேட்கவில்லை,
பிடித்ததில் ஒன்றையும் கொண்டுவந்து தரவில்லை.

வழக்கமாக ஈயத்தை உருவிக்கொண்டு
மிச்சத்தை மணலில் கொளுத்துவோம்.
தங்கூசி எரிந்தால் கறுப்புக் கட்டியாகும்,
அடுத்த அலையில் அதுவும் கடலுக்குத்தான்.
இந்தமுறை எத்திராஜ் தீப்பெட்டியை எடுக்கவில்லை.
கிழியாத கண்களை வெட்டி மூன்று பாகம் தேற்றினோம்.
கிழிந்ததை மூட்டை கட்டி அடையாற்றுக் காயலான்கடைக்குக் கொண்டுபோனேன்.
"உப்பு நாத்தம், எடுத்துட்டுப் போ."
மூட்டை இன்னும் என் வீட்டு மாடியில்.

மிதவையைப் பருத்தி நூலில் கட்டலாம் என்றது நான்.
வலை தொலைந்தால் நூல் இற்றுவிடும்,
செருப்பு மேலே வந்துவிடும்,
வலை படுத்துக்கொள்ளும். படுத்த வலை யாரைப் பிடிக்கும்?
"தொலையறதுக்கு முன்னாடியே இத்துட்டா?"
மாசத்துக்கு ஒருதரம் மாற்றிக் கட்டலாம்.
"யாரு?"
இருவரும் சௌந்தரியைப் பார்த்தோம்.
நண்டு கழித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.
"வலைக்கு நூத்தியிருபது. கையில காசு. பாக்கி கிடையாது."

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நீல டிரம்,
தினமும் மாற்றுகிற கடல்தண்ணீர்.
அடியில் ஒரு செங்கல்,
செங்கல்லில் பருத்தி நூல்,
நூலில் அந்தச் செருப்புத் துண்டு
மேலே வரத் துடித்துக்கொண்டு.

தினம் காலையில் எட்டிப் பார்க்கிறோம்.
இன்றைக்கு நாற்பத்தொன்றாவது நாள்.
இன்னும் அடியில்தான் இருக்கிறது.
நான் போட்ட முடிச்சு இவ்வளவு நாள் நின்றதற்கு
இதுவரை முகம் சுளித்ததில்லை.