பெயின்ட் திங்கட்கிழமை வரும்

பகலில் என் வேலை யாருக்கும் தேவையில்லை.
ஹென்னூர் சாலையில் மத்தியானம்
இளநீர் வண்டி தள்ளுகிறவர்
பெரிய காரை முந்திப் போவார்.
இரவு ஒன்றரைக்குத்தான்
சாலைக்கு வேகம் பிடிக்கும்,
ஜுரம் பிடிப்பதுபோல.

அந்நேரம் நான் குனிந்திருப்பேன்,
கொதிக்கும் வெள்ளைக் குழம்பைப்
பெட்டியில் தள்ளிக்கொண்டு
முதுகை மொத்த ஊருக்கும் காட்டியபடி.
சூடு ஆறுவதற்குள்
கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும்.
'விபூதி போடு, விபூதி போடு' என்பார்
கூட வேலை செய்யும் டேவிட்ராஜ்.
ஹெட்லைட் பட்டால் மணிகள் கண் திறக்கும்.
திறக்காவிட்டால்
ஹம்ப் என்பது
ரோட்டில் படுத்திருக்கும் கறுப்பு எருமை.
அதன்மேல் யார் வருவார் என்று
உங்களுக்கே தெரியும்.

சர்ச் திருப்பத்து ஹம்பை
வியாழன் இரவு போட்டார்கள்.
அதற்கு முன் பதினோரு மனு.
அதற்கும் முன்
நான் சொல்ல விரும்பாத ஒன்று.
'பெயின்ட் திங்கட்கிழமை வரும்'
என்றார் கான்ட்ராக்டர் சென்னகேசவலு.
தார் ஒரு பில்,
வெள்ளை வேறொரு பில்.

வெள்ளி இரவு அந்த வழியாகத்தான் வீடு திரும்பினேன்.
வண்டியில் அரை மூட்டை வெள்ளை இருந்தது.
வேறு சாலையின் கணக்கு.
இடம் தெரிந்தவன்,
மெதுவாக ஏறி இறங்கிப் போய்விட்டேன்.

சனி அதிகாலை நாலே முக்கால்.
டயாலிசிஸ் வார்டில் இரவுப்பணி முடித்து
ஸ்கூட்டரில் வந்தாள் ஜெசிந்தா.
நாற்பதில்தான் வந்தாளாம்.
தெரிந்த சாலையில் நாற்பது நாற்பதுதான்.
தெரியாத எருமைமேல்
அது பறத்தல்.

தோள் எலும்பு, இரண்டு பல்.
டிபன் பாக்ஸ் திறந்து
மிச்ச எலுமிச்சைச் சாதம்
தாரில் மஞ்சளாக.
உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.
எவ்வளவு சுலபமான வாக்கியம்.

ஆறரைக்கு நான் போனபோது
தெருப் பெருக்கும் நரசம்மா
பிளீச்சிங் பவுடர் சாக்கின் மூலையைப் பிரித்து
ஹம்பின் குறுக்கே
கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.
ஒன்று தடி, ஒன்று ஒல்லி,
ஒன்று பாதியில் தும்மி நின்றது.
'நடுவில் ஒரு சாண் விடணும்' என்றேன்.
தெலுங்கில் என்னவோ திட்டிவிட்டு
சாக்கை என் கையில் தந்தார்.
பதினாறு வருஷமாகப் பட்டை போடுகிறவன்
அன்றுதான் வெறுங்கையால் போட்டேன்.
கண் எரிந்தது.
பவுடரால்தான்.

பள்ளி வேன் வந்தது,
தயங்கி ஏறி இறங்கியது.
ஆட்டோ முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது.
தண்ணீர் டேங்கர் மட்டும் தடதடவென்று ஏறி
பாதிக் கோட்டைச் சக்கரத்தில் எடுத்துக்கொண்டு
மீதியை ஈரமாக்கிவிட்டுப் போனது.
நரசம்மா மறுபடி குனிந்தார்.

எங்கே மெதுவாகப் போகணும் என்று
டிரைவர் நண்பர்கள் கேட்பார்கள்.
போர்டு இருக்கும் இடத்தில் என்று எழுதினால்
லைசென்ஸ் கிடைக்கும்.
எனக்குத் தெரிந்தது
புதுத் தார் வாசனை வரும் இடத்தில்.
விளக்கு ஒன்று விட்டு ஒன்று செத்த தெருவில்.
முன்னால் போகிறவனின் பின்விளக்கு
காரணமில்லாமல் சிவந்தால்,
காரணம் இருக்கிறது.
லேட்டாகிவிட்டது, லேட்டாகிவிட்டது என்று
மனசு ஹார்ன் அடிக்கும்போது,
அப்போதுதான் முக்கியமாக.
அப்புறம்
ரோட்டில் ஒருத்தர் குனிந்திருந்தால்.
அது நானாகவும் இருக்கலாம்.

'நிதானவாகி சலிசி' என்கிறது கன்னட போர்டு.
முதல் சொல் நமக்கும் சொந்தம்.
குடித்தவனைத்தான் சொல்வோம்,
நிதானத்தில் இல்லை என்று.
வெள்ளி இரவு நான்
ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

பெயின்ட் புதன்கிழமை வந்தது.
கண்ணாடி மணி வரவில்லை.
அது இன்னொரு பில்லாம்.