கணக்கில் வராத கறுப்பு

மிச்சிகனில் பிப்ரவரி. வெளியே ஒற்றை இலக்கம்.
வெர்னா ஹூக்ஸ்ட்ராவின் நிலவறையில்
எண்பத்தொன்பது டிகிரி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
ஏழு முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி,
காற்றிறங்கிய பந்துகளாய்க் குழிந்து.
ஐம்பத்தெட்டாம் நாள்.

இழுப்பறை இழுப்பறையாக நிறங்கள் வளர்க்கிறாள்.
வெண்ணெய். லாவண்டர்.
பழுத்த அன்னாசி என்று ஒன்றுக்குப் பெயர்,
கடித்தால் தெரியும் பழமா என்று.

சுவரில் நான்கு கட்டம்.
தாய்க்குள் ஒளிந்த வெள்ளை, தந்தைக்குள் ஒளிந்த வெள்ளை,
நாலில் ஒன்றாய் வெளியே வரும்.
இதில் நம்பிக்கைக்கு வேலையில்லை, பெருக்கல்தான்.

முட்டை கிழிந்தது.
பழுப்புத் தலை, பழுப்புத் தலை,
பிறகு வெள்ளையில் மஞ்சள் ஓடிய ஒன்று, கோவைப்பழக் கண்ணோடு.
பிறகு இன்னொன்று.
அதன் பிடரியில்
பேனாவை உதறியதுபோல் ஒரு கறுப்பு.

மண் என்று நினைத்தாள்.
ஈரத்துணியால் துடைத்தாள்.
கட்டைவிரலால் தேய்த்தாள்.
குட்டி தலையை நடுவில் வைத்துப் பந்தாய்ச் சுருண்டுகொண்டது,
கறுப்பு மட்டும் மேலே.

கறுப்பைச் செய்யவே தெரியாத உடம்பு.
எங்கிருந்து எடுத்தது?

திருஷ்டிப் பொட்டு என்று சொல்ல
அந்த ஊரில் யாருமில்லை.
தேவாலய மூப்பரான அண்ணன் கெரிட்
படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்:
"எல்லாம் உலகத்தோற்றத்துக்கு முன்னமே முன்குறிக்கப்பட்டது."
"அப்படியானால் குறித்தவர் பேனா கசிகிறது" என்றாள்.
அவர் அன்று காபி குடிக்கவில்லை.

கலமாசூவிலிருந்து டுவைட் கூப்பிட்டான்.
மூன்று மடங்கு தருகிறேன்,
ஆனால் இதன் குட்டிக்கும் வருமா?
வராது என்றாள்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.
நாலு மடங்கு என்றான்.
யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.
யோசிக்கவில்லை.

மூன்றாம் வாரம் முதல் சட்டை.
ஈரத்தோடு விரித்து
பனி அடைத்த ஜன்னலில் பிடித்தாள்.
கண்ணாடித்தாள் போல் நிறமற்ற நீளம்,
கழுத்தருகே மட்டும் ஊதி அணைத்த தீக்குச்சியின் புகை.
குட்டியிடம் போய்ப் பார்த்தாள்.
அங்கே கறுப்பு அப்படியே இருந்தது.
கொஞ்சம் பெரிதாகவும் இருக்கலாம். அளந்து வைக்கவில்லை,
எல்லாவற்றையும் அளக்கிறவள்.

நாற்காலித் தொழிற்சாலையில் வண்ணச் சோதனை அவள் பிழைப்பு.
பத்தொன்பது வருடம்.
புள்ளி இருந்தால் சிவப்புச் சீட்டு, திரும்பிப் போகும்.

திங்கட்கிழமை, விடியாத ஷிப்டில்,
வெள்ளை நாற்காலி ஒன்றின் முதுகில்
கடுகளவு கறுப்பு.
கையுறையைக் கழற்றினாள்.
எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
போகவில்லை.

சீட்டுக் கட்டு இடது பையில்.
பெல்ட் நகர்ந்துகொண்டிருந்தது.